லோதி சாலையில் ஜெயித்து, சென்னையில் கோட்டைவிட்ட உளவு நாவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு புத்தகப் பக்கத்தில், ஆங்கிலத்தில் வந்திருக்கும் ஒரு உளவு நாவலுக்கு மதிப்புரை போட்டிருந்தீர்கள். எழுதியவருக்கு அது முதல் நாவல். ஹாலிவுட் வேகம், மூச்சுவிட நேரமில்லை என்றெல்லாம் உங்கள் மதிப்புரையாளர் புகழ்ந்திருந்தார். நானும் அந்தப் புத்தகத்தைப் படித்தவன்தான். அவர் சொல்கிற அந்த வேகம் எங்கே வருகிறதோ அங்கேதான் நாவல் சரிகிறது, வேகமே இல்லாத முதல் பாதிதான் பிரமாதம். அதைப் பற்றி மதிப்புரையில் ஒரே ஒரு வரி, அதுவும் 'சற்றே மெதுவான தொடக்கம்' என்று குறை சொல்வதற்காக!

அந்த மெதுவான தொடக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? டெல்லி லோதி சாலையில் இருக்கிற, ரா என்கிற நம் வெளிநாட்டு உளவு அமைப்பின் தலைமையகம், அதில் நாற்பதைத் தாண்டிய ஒரு மேசை அதிகாரி. துப்பாக்கியைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது, பதவி உயர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, பயணப்படி பில்லை மூன்றாவது தடவையாகக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இவர் ஒருநாள் ஜெராக்ஸ் பதிவேட்டைப் புரட்டும்போது, தன் பிரிவுக்குச் சம்பந்தமே இல்லாத கோப்புகளை யாரோ தொடர்ந்து பிரதி எடுத்துக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. அவ்வளவுதான் கதை. அந்தப் பதிவேட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ஆனால் பார்ப்பது யாருக்கும் தெரியக்கூடாது, அதற்காக மெஷின் ரிப்பேர் என்று ஒரு புகார் எழுதிக்கொண்டு போகிறார், அங்கே இருக்கிற கிளார்க்கோ 'சார், பதிவேடு பார்த்ததுக்கும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க' என்கிறார். ஒரு குண்டும் வெடிக்காமல் எனக்கு வியர்த்த இடம் அது.

இது வெறும் கற்பனை இல்லை என்பதால்தான் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நம் நாட்டில் வெளியே தெரிந்த பெரிய உளவு விவகாரங்கள் பெரும்பாலும் இப்படி அலுவலக வாசனை அடிப்பவைதான். 1985-ல் வெடித்த, தனியார் நிறுவனப் பிரதிநிதி கூமர் நாராயண் மீதான உளவு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் அலுவலகம் வரைக்கும் ஆள் பிடித்து வைத்திருந்தார்கள், ரகசியக் கோப்புகள் வெளியே போய்ப் பிரதி எடுக்கப்பட்டுத் திரும்பவும் இருந்த இடத்துக்கே வந்துகொண்டிருந்தன, உதவியவர்களில் பலர் கீழ்நிலை, நடுத்தர நிலை ஊழியர்கள். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பதவி விலகும் அளவுக்குப் போனது அது. 2004-ல் ராவிலேயே இணைச் செயலாளர் நிலையில் இருந்த ஒருவர், தன் வேலைக்குத் தேவையில்லாத தகவல்களைத் துருவுகிறார் என்ற சந்தேகத்தில் கண்காணிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, காத்மாண்டு வழியாக அமெரிக்காவுக்குப் போய்விட்டார். கண்காணித்துக்கொண்டிருந்தவர்களின் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டு சம்பவங்களையும் நாவலாசிரியர் நன்றாக உள்வாங்கியிருக்கிறார், ஆனால் எதையும் அப்படியே எடுத்துப் போடவில்லை. முதல் நாவலில் இந்தக் கட்டுப்பாடு பெரிய விஷயம்.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? பாதிக்கு மேல் அவருக்கே தன் கதை மேல் நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது. பயணப்படி பில்லுக்கு அலைந்த அதே மனிதர் திடீரென்று டெல்லி மெட்ரோவில் துப்பாக்கியோடு ஓடுகிறார், ஒருவரைக் கைது செய்கிறார், தனி பங்களாவில் வைத்து விசாரிக்கிறார். ரா என்பது வெளிநாட்டு உளவுக்காக இருக்கிற அமைப்பு, யாரையும் கைது செய்கிற அதிகாரம் அதற்குக் கிடையாது. கைது என்றால் போலீஸ் வர வேண்டும், அல்லது என்.ஐ.ஏ. என்கிற தேசியப் புலனாய்வு முகமை வர வேண்டும். இதை ஏதோ சட்ட நுணுக்கமாகச் சொல்லவில்லை. கதைக்கே இது நஷ்டம். குற்றவாளி யார் என்று நாயகனுக்குத் தெரியும், ஆனால் பிடிக்க முடியாது, உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.க்குச் சொல்ல வேண்டும், அவர்கள் இவரை நம்ப வேண்டும், அதற்குள் ஆள் விமானம் ஏறிவிடலாம். முதல் பாதியை அப்படி எழுதியவருக்கு இதைவிட நல்ல இரண்டாம் பாதி எங்கே கிடைக்கும்? அதை விட்டுவிட்டு மெட்ரோ ஸ்டேஷனில் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

தகவல் பிழைகளும் இருக்கின்றன. 1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட நாட்களுக்குக் கதை பின்னோக்கிப் போகிறது, அந்த அத்தியாயத்தில் ஒரு என்.ஐ.ஏ. அதிகாரி வந்து பேசுகிறார். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு உருவான அமைப்பு அது! இன்னொரு இடத்தில் ரா தலைவர் உள்துறை அமைச்சரிடம் போய் அனுமதி கேட்டு நிற்கிறார். உள்துறையின் கீழ் இருப்பது ஐ.பி., ரா இருப்பது அமைச்சரவைச் செயலகத்தின் கீழ், பிரதமருக்குப் பதில் சொல்கிற அமைப்பு. எடிட்டர் என்று ஒருவர் உட்கார்ந்து படித்திருந்தால் ஒரே மாலையில் சரி செய்திருக்கலாம்.

வரலாற்றைச் சொல்கிற விதம் வேறு சிரிப்பு வரவழைக்கிறது. கேன்டீனில் இரண்டு மூத்த அதிகாரிகள் டீ குடித்துக்கொண்டே, 1962 சீனப் போரிலும் 1965 பாகிஸ்தான் போரிலும் உளவுத் தகவல் போதாமல் போனதால் 1968-ல் ஐ.பி.யிலிருந்து பிரித்து ராவைத் தொடங்கினார்கள், முதல் தலைவர் ஆர்.என். காவ் என்று ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிறார்கள். அத்தனை வருட சர்வீஸில் அவர்களுக்கு இது தெரியாதா? வாசகருக்குச் சொல்லத்தான் என்பது புரிகிறது, அதற்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனையாவது பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம்.

தமிழ் வாசகனாக எனக்கு மிகப் பெரிய ஏமாற்றம் சென்னை அத்தியாயம்தான். நாயகன் சென்னைக்கு வருகிறார், மெரினாவில் நடக்கிறார், ஃபில்டர் காபி குடிக்கிறார், ஆட்டோக்காரர் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், மல்லிகைப்பூ வாசம் வீசுகிறது, கிளம்பிவிடுகிறார். இந்தியாவில் உளவுக் கதை எழுத சென்னையைவிட நல்ல ஊர் எத்தனை இருக்கிறது? 1982-ல் பாண்டி பஜாரில் ஈழ இயக்கத் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. ஈழ இயக்கங்களுக்கு ரா பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் வேறு. தகவல் வாங்குபவர், விற்பவர், இரண்டு பக்கமும் சொல்பவர் என்று எல்லோரும் இந்த ஊரில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். இதெல்லாம் போதாதென்று, சென்னையில் பொறுப்பில் இருந்த ரா அதிகாரி ஒருவரே ஒரு பெண்ணின் மூலம் அமெரிக்க உளவுத் துறையின் வலையில் விழுந்ததாகச் சொல்லி 1987-ல் கைது செய்யப்பட்டார். உள்ளேயிருந்து கசியும் ரகசியம் பற்றி நாவல் எழுதுகிறவர், கதையைச் சென்னைக்கே கொண்டுவந்துவிட்டு, இதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் காபியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினால் கோபம் வருமா வராதா?

பாகிஸ்தான் பாத்திரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லோரும் ஒரே குரலில் சபதம் போடுகிறார்கள். லோதி சாலையில் பில்லுக்கு அலைகிற அதிகாரி இருப்பதுபோல இஸ்லாமாபாத்திலும் ஒருவர் இருப்பார்தானே. ஆனால் ராவின் சங்கேதப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு இளம்பெண் பாத்திரம் அப்படியல்ல. நாயகனுக்கு முன்னாலேயே அவள் பாதியைக் கண்டுபிடித்துவிடுகிறாள், மேலதிகாரி நம்ப மாட்டார் என்று தெரிந்து குறிப்பாக எழுதி வைக்கிறாள். நாவலின் மிகச் சிறந்த மூளை அவளுடையது. அவளைப் போய், நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக இருநூறாவது பக்கத்துக்குப் பக்கத்தில் கொன்றுவிடுகிறார் ஆசிரியர். நம் சினிமாவில் நண்பன் பாத்திரத்துக்கு இடைவேளைக்கு முன் நேர்வதுதான், வேறென்ன.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசிரியர் பக்கம் நின்று பேச வேண்டும். இந்த அமைப்புகளில் வேலை பார்த்தவர் இல்லை அவர் என்று பின்னட்டை சொல்கிறது. வெளியே இருந்து இதை எழுதுவது எளிதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு ரா, ஐ.பி. போன்ற அமைப்புகளுக்குப் பெருமளவு விலக்குக் கொடுத்திருக்கிறது, ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர எதையும் கேட்டு வாங்க முடியாது. ஓய்வு பெற்றவர்களிடம் கேட்கலாம் என்றால், 2021-ல் ஓய்வூதிய விதியைத் திருத்தி, உளவு, பாதுகாப்பு அமைப்புகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் துறை சம்பந்தமாக எதை வெளியிடுவதானாலும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மீறினால் பென்ஷன் நிற்கும். யார் வாய் திறப்பார்கள்? இந்த நிலைமையில், பழைய செய்திகளையும் கொஞ்சம் பொது அறிவையும் வைத்துக்கொண்டு அந்த ஜெராக்ஸ் அறையை அப்படி எழுதியிருக்கிறார் என்றால் அவரிடம் சரக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அதனால்தான் உங்கள் மதிப்புரை மேல் எனக்கு வருத்தம். முதல் நாவல் எழுதுகிறவரிடம் மெட்ரோ துரத்தலைப் பாராட்டினால் அடுத்த நாவல் முழுக்க மெட்ரோதான் ஓடும். இதற்கு இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று கடைசிப் பக்கத்தில் அறிவித்திருக்கிறார்கள். அது வரும்போது பிழைகளையும் சொல்கிற ஒருவரிடம் மதிப்புரைக்குக் கொடுங்கள். அதற்கு முன் மறுபதிப்பு வந்தால் அந்த 1999 என்.ஐ.ஏ. அதிகாரியையாவது பதிப்பகத்தார் வீட்டுக்கு அனுப்பிவிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்