சன்ஃப்ளவர் கவுண்டியில் விட்டுப்போன இரண்டு கல்லறைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா பற்றித் தங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். இண்டியனோலாவில் இருக்கும், ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையில் புகழ்பெற்ற பாடகர் பி.பி. கிங்கின் அருங்காட்சியகத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். ஆனால் அதோடு, அந்த ஊர் இருக்கும் சன்ஃப்ளவர் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதே மண்ணில் அடக்கமாகியிருக்கும் இன்னும் இருவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

கிங்குக்கு ஒரு குறையும் இல்லை. வாலிபத்தில் அவர் வேலை பார்த்த பழைய ஜின்னிங் மில்லையும் சேர்த்துக் கட்டிய அருங்காட்சியகம் 2008இல் திறந்தது. 2015இல் லாஸ் வேகாஸில் இறந்தவரை அந்த வளாகத்துக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவருக்குக் கிடைக்கவேண்டிய மரியாதைதான்.

அங்கிருந்து மேற்கே சில மைல் போனால் ஹாலி ரிட்ஜ் என்ற சிற்றூர். ஒரு ஜின்னிங் மில்லை ஒட்டிய இடுகாட்டில் சார்லி பேட்டன் இருக்கிறார். கிங்குக்கு ஒரு தலைமுறை மூத்தவர். டெல்டா ப்ளூஸ் இசைக்குத் தந்தை என்று பலரும் சொல்வது இவரைத்தான். 1927 மிசிசிப்பி பெருவெள்ளத்தில் மக்கள் பட்ட பாட்டை 1929இல் இசைத்தட்டில் பாடி வைத்தவர். இறந்தது 1934 ஏப்ரலில். கல்லறைக்குக் கல் வந்தது 1991இல்! அதுவும் ப்ளூஸ் கலைஞர்களுக்குக் கல் நாட்டவென்றே தொடங்கிய மவுண்ட் ஸயன் நினைவு நிதியம் முயற்சி எடுத்து, ராக் பாடகர் ஜான் ஃபோகர்டி பணம் கொடுத்ததால் வந்தது. பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில் 1938இல் இறந்த இன்னொரு ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனுக்கோ, எது உண்மையான இடம் என்று தெரியாமல், மூன்று இடங்களில் கல் இருக்கிறது. ஏழைக் கறுப்பினப் பாடகனை எங்கே புதைத்தார்கள் என்று எழுதி வைக்க அன்றைக்கு யாரும் மெனக்கெடவில்லை.

அப்புறம் ரூல்வில். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமரின் கல்லறை இருக்கும் ஊர். இவரை விட்டதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்த வீட்டில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். கறுப்பினத்தவரை வாக்களிக்கவிடாமல் தடுத்துவந்த அந்தக் காலத்தில், 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதிய இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார். அதற்காகவே, 18 ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். மறு ஆண்டு வினோனா சிறையில் வாங்கிய அடியில் சிறுநீரகம் கெட்டது. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். பலிக்கவில்லை. அன்று இரவே ஹேமரின் பேச்சை நாடு முழுக்க ஒளிபரப்பினார்கள். சிவில் உரிமை மசோதாக்களைப் பல ஆண்டுகள் முடக்கிய செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டின் பருத்திப் பண்ணையும் இதே கவுண்டியில், டாட்ஸ்வில்லில்தான் இருந்தது. அவர் வீட்டு வாசலில் நின்று போராடியதற்குச் சமம் இது.

1969இல் ஏழைக் குடும்பங்கள் பயிர் செய்து சாப்பிட ஹேமர் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். 1977இல் இறந்தார். “அலுத்து அலுத்து, எனக்கு அலுப்பே அலுத்துவிட்டது” என்ற அவருடைய சொல் கல்லறைக் கல்லிலேயே பொறித்திருக்கிறது.

கட்டுரையாளருக்குச் சுற்று வழியும் இல்லை. இண்டியனோலாவிலிருந்து 49 டபிள்யூ நெடுஞ்சாலையில் வடக்கே போனால் டாட்ஸ்வில், அதைத் தாண்டினால் ரூல்வில். அடுத்த இதழில் இந்த இருவருக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். கட்டுரையோடு வந்த வரைபடத்தை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் ஹாலி ரிட்ஜையும் ரூல்வில்லையும் அதில் குறித்துவிடுங்கள். டெல்டாவுக்குப் போகிற நம் வாசகர்கள் இண்டியனோலாவோடு திரும்பிவிடக் கூடாது.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி