மூன்று நாளும் ஒரே வழிபாடு

சேசு மரி சூசை துணை

காந்தல், ஊட்டி

அன்பு மகனுக்கு,

அம்மா சுகம். "ஈஸ்டர் அன்னைக்குக் காலையில வந்துடறேன்மா, போதும்ல?" என்று போனில் கேட்டாய். பஸ் இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. போதாது கண்ணு.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசை எப்படி முடியும் என்று கவனித்திருக்கிறாயா? சாமியார் நம்மைச் சிலுவை வரைந்து ஆசீர்வதித்து அனுப்பமாட்டார். இயேசுவின் உடலாக நாம் வாங்கும் அப்பமான நற்கருணையை எடுத்துப் போய் வேறிடத்தில் வைப்பார். பீடத்துத் துணியை எல்லாம் உருவிவிடுவார்கள். நாம் பேசாமல் எழுந்து வருவோம். மறுநாள் சாமியார் வாழ்த்தும் சொல்லாமல் வந்து தரையில் குப்புற விழுவார். பெரிய வெள்ளிக்குப் பூசையே கிடையாது. முந்தின நாள் எடுத்து வைத்த நற்கருணையைத்தான் வாங்குகிறோம். வழக்கமான அந்த ஆசீர் கிடைப்பது சனி ராத்திரி, இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்குப் பூசை முடிவில்தான். வியாழன் தொடங்கினது அப்போதுதான் முடிகிறது. ஞாயிறு மட்டும் வருவது, எழவுக்குப் போகாமல் கருமாதிச் சாப்பாட்டுக்குப் போய் உட்கார்வது மாதிரி.

உன் பாட்டியின் சின்ன வயதில் சனிப் பூசை காலையிலேயே நடந்துவிடுமாம். பட்டப்பகலில் பாஸ்குத் திரி ஏற்றினால் வெளிச்சம் எங்கே தெரியும்? 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆணை போட்ட பிறகுதான் எல்லா ஊரிலும் அது இரவுக்கு மாறியது.

இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவினதை நினைத்துப் பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேர் பாதத்தைக் கழுவுவாரே, அதற்கு அப்பா உட்கார்ந்த வருஷம் நீ ஆறாவது படித்தாய். மதியமே காரட் தோட்டத்திலிருந்து வந்து, தேங்காய் நாரும் சோப்பும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தார். பித்தவெடிப்புக்குள் இறங்கின செம்மண் போகவே இல்லை. "சாமியார் கை படுமே" என்று கூசிக் கூசி உட்கார்ந்திருந்தார். சாமியார் அந்த வெடிப்பின் மேலேயே தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தம் கொடுத்தார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நள்ளிரவு வரை நற்கருணை முன்னால் முழங்காலில் இருந்தார். வீட்டுக்கு வந்து, "என் காலைப் போய்த் தொட்டாரே" என்று மட்டும் சொன்னார். இந்தத் தவக்காலத்தில் வெள்ளிதோறும் நம்மூர் குருசடிக் கோயிலில் சிலுவைப்பாதை போகிறோம். இயேசுவை அறைந்த சிலுவையின் துண்டாக நாம் வணங்கும் திருச்சிலுவை அருளிக்கத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் விழுகிறது.

2016-இல் போப் பிரான்சிஸ் பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று மாற்றினார் அல்லவா? இந்த வருஷம் பன்னிரண்டு பேரில் என் பெயரும் இருக்கிறது. அப்பாவுக்கு இருந்த அதே வெடிப்பு எனக்கும். முதலில் வேண்டாம் என்றேன். பேதுருவும் முதலில் காலைக் கொடுக்க மறுத்தவர்தானே என்று பிறகு தோன்றியது.

புதன் ராத்திரி பஸ் ஏறிவிடு. தேங்காய் நார் எடுத்து வைத்திருக்கிறேன். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, காலைத் தேய்த்துவிட நீ வேண்டும்.

உன் அம்மா