ரியூக்யூவில் நாள் கணித்தவர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீடு கட்டி முடித்ததில் எனக்கும் சந்தோஷம். புதுமனை புகுவிழாவுக்கு நாள் பார்ப்பதில் இரண்டு பஞ்சாங்கங்கள் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தாய். சில நாட்களாக நான் படித்துக்கொண்டிருப்பதும் நாள் கணித்த ஒருவரைப் பற்றித்தான்.

அவர் பெயர் சாய் சோகோ. இன்று ஜப்பானைச் சேர்ந்த ஒகினாவா தீவு அப்போது ரியூக்யூ என்ற தனி அரசு. அங்குள்ள துறைமுக நகரமான நாஹாவில், குமே என்ற பகுதியில், சீனாவிலிருந்து குடியேறியவர்களின் வம்சத்தார் வாழ்ந்தார்கள். சீனாவுடனான தூதும் மொழிபெயர்ப்பும் அவர்கள் பொறுப்பு. 1678இல் சாய் சோகோ சீனாவின் ஃபூஜோ நகரத்துக்குப் போய், நாட்காட்டி கணிக்கக் கற்று, 1682இல் திரும்பினார்.

சீனாவை ஆண்ட சிங் வம்சப் பேரரசருக்கு, ரியூக்யூவைப் போலத் திறை செலுத்தும் நாடு அவருடைய நாட்காட்டியையே பின்பற்ற வேண்டும். ஆனால் அது பீஜிங்கிலிருந்து ஃபூஜோவுக்கு வந்து, அங்கே தென்காற்றுக்குக் காத்திருந்து கடல் தாண்ட வேண்டும். நாஹாவைச் சேரும்போது ஆண்டு பிறந்து மாதங்கள் ஓடியிருக்கும். 12 சந்திர மாதங்களுக்கு 354 நாள்தான் என்பதால், சூரிய ஆண்டோடு ஒத்துப்போக 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்ட வேண்டும். அது எந்த மாதத்தை அடுத்து வரும் என்பதைச் சூத்திரம் போல மனப்பாடம் செய்ய முடியாது. 1645 முதல் புழங்கிய சிங் நாட்காட்டி சூரியனின் உண்மையான ஓட்டத்தைக் கணக்கில் எடுத்தது. குளிர்காலத்தில் சூரியன் சற்று விரைவாக நகரும். அந்தக் கணக்கைத் தீவிலேயே போட ஓர் ஆள் தேவைப்பட்டது.

என்னை உருக்கியது வேறொன்று. பின்னாளில் ரியூக்யூவில் அச்சான நாட்காட்டியில், பேரரசரின் நாட்காட்டி வரும்வரை மட்டுமே இது செல்லும், வந்ததும் நாடு முழுக்க அதையே பின்பற்றும் என்று எழுதியிருக்கும். இரவெல்லாம் கணக்குப் போட்டாலும், கப்பல் வந்ததும் ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.

அதே காலத்தில் ஜப்பானில் ஷிபுகாவா ஷுன்காய், 823 ஆண்டுகள் புழங்கிய சீனக் கணிப்பை மாற்றி, 1685இல் சொந்த நாட்காட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வானியலில் அவருடையதுதான் பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனாலும் என் மனம் சாய் சோகோ பக்கமே போகிறது. 1609 முதல் ஜப்பானின் சத்சுமா என்ற சிற்றரசுக்கும் அடங்கியிருந்த அந்தச் சின்ன அரசில், ஜனங்களுக்கு ஆண்டு தொடங்கும்போதே நாட்காட்டி கையில் இருக்க வேண்டும் என்பதற்காக உழைத்தவர் அவர்.

அப்புறம், அந்தச் சிங் நாட்காட்டியை உருவாக்கிய ஜெர்மன் பாதிரியார் ஆடம் ஷாலுக்கு 1665இல் மரண தண்டனை விதித்து, பிறகு விலக்கிக்கொண்டார்கள். அந்த வழக்கைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்