இங்கே சுமைதான் இழுக்கிறது, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் அம்மா சாப்பாட்டுப் பேச்சைத் தாண்ட விடுவதில்லை, நீங்கள் கேட்டது அப்படியே நிற்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு. சிலியில் ஜூலை என்றால் குளிர்காலம், மலை முழுக்கப் பனி. சாயங்காலம் ரொட்டியும் மசித்த வெண்ணெய்ப்பழமும் டீயும். அதற்குப் பெயர் ‘ஒன்சே’, பதினொன்று என்று அர்த்தம், ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை.

சரி, சுரங்கத்துக் கல் சுமக்கும் கன்வேயர் பெல்ட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பிரேக் என்றீர்களே. நெய்வேலியில் பெல்ட் பள்ளத்திலிருந்து மேலே ஏறும். கரண்ட் போனால் பின்னால் உருளாமல் ஹோல்ட்பேக் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இங்கே சுரங்கம் மலைமேல், ஆலை கீழே. எங்கள் சுரங்கத்தின் பெயரை எழுதக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊரறிந்த லோஸ் பெலாம்ப்ரெஸ் செம்புச் சுரங்கத்தையே சொல்கிறேன், அங்கே மூன்று பெல்ட்டுகள் சேர்ந்து சுமார் 13 கிலோமீட்டர் ஓடி 1,300 மீட்டர் இறங்குகின்றன. செம்புக்கல்லின் எடையே பெல்ட்டை இழுக்கிறது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தருகிறது. ஓடும்வரை மோட்டார்தான் பிரேக்.

கரண்ட் போனால் அந்தப் பிடி போய்விடும். அதற்குத்தான் பெல்ட் சுற்றி ஓடும் டிரம்மின் தண்டிலேயே டிஸ்க் பிரேக். மோட்டார் பக்கம் வைத்தால் நடுவிலிருக்கும் கியர்பாக்ஸ் உடைகிற அன்று அது இருந்தும் பயனில்லை. ஸ்பிரிங் பிடிக்கும், எண்ணெய் அழுத்தம் விலக்கி வைத்திருக்கும். ஆனால் ஒரேயடியாகப் பிடிக்க விடவும் முடியாது. காலி பெல்ட் வெடுக்கென்று நின்று ஒரு பக்கம் தொய்ந்து ஒரு பக்கம் இழுபட்டு ஜாயின்ட் பிய்யும், நிறைந்த பெல்ட்டோ அதே பிடிக்கு நிற்காமல் வந்து டிஸ்க்கைச் சுட வைக்கும், சூடு ஏற ஏறப் பிடி தளரும். அதனால் ஒரு கன்ட்ரோலர், பேட்டரியில் ஓடுவது, வேகத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, சுமை எவ்வளவு இருந்தாலும் ஒரே சீராக நிறுத்துகிறது.

போன மாதம் பனிப்புயலில் கரண்ட் போனது, பெல்ட் நிறையக் கல். மோட்டார் சத்தம் அடங்கிய கணத்தில் பெல்ட் முன்னால் எட்டியது கால்வழியே தெரிந்தது. திரையில் 6.0 என்றிருந்த வேகம் 6.1, 6.2 என்று ஏறி, அப்புறம் இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற மூத்த மெக்கானிக் வாய்க்குள் விநாடி எண்ணிக்கொண்டிருந்தார். பெல்ட் நின்றபோது பிரேக் பேட் கருகிய வாடை. கதவிடுக்கு வழியாக வந்த பனித்தூள் டிஸ்க்கில் பட்டு, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சொய்ங் என்றது. “கச்சாய்?” என்றார், புரிந்ததா என்று. வந்த புதிதில் எண்ணெய்க் கையோடு அந்த டிஸ்க்கைத் தொட்டுவிட்டேன். அன்று அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அரை நாள் துடைக்க வைத்தார்.

அம்மாவுக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாகவே இருக்கட்டும். உங்கள் காலத்தில் ஹோல்ட்பேக் எப்போதாவது விட்டதுண்டா? அம்மா தூங்கிய பிறகு போன் பண்ணுங்கள், இங்கே அப்போது பகல்தான்.

உங்கள் சின்னவன்