பிடுங்கினால் சொல்லமாட்டார்கள்

ஆசிரியருக்கு,

16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் விதித்துள்ள தடையை வரவேற்ற தலையங்கம் படித்தேன். சரி, தடை நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளும் பெரும்பாலான இணைய விளையாட்டுகளும் அதற்கு வெளியே நிற்கின்றன. வகுப்புக் குழுவில் நடக்கும் கேலியும், விளையாட்டின் அரட்டையில் ‘போட்டோ அனுப்பு’ என்று கேட்கும் முகம் தெரியாதவரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வகுப்பாசிரியராக நான் பார்த்தவரை, மிரட்டுபவனைவிட ‘வீட்டில் போனைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயமே பிள்ளைகளுக்குப் பெரிது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் படத்தைத் திருத்திப் பரப்பிவிடுவதாக வந்த செய்திகளை வாரக்கணக்கில் மறைத்தாள். கடைசியில் பயந்துபோய் அத்தனையையும் அழித்தும் விட்டாள். அப்புறம் புகார் கொடுக்க கையில் என்ன இருக்கும்? முறையிடும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை, போனும் பறிக்கப்படாது என்று பள்ளியும் பெற்றோரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதியளிக்கலாம். செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அனுப்பியவரை பிளாக் செய்து, அதற்கென்று பொறுப்பேற்ற ஓர் ஆசிரியரிடம் காட்டுவது எப்படி என்பதை வகுப்பிலேயே செய்துகாட்டலாம்.

— ஓர் ஆசிரியை