சரிசெய்த பிறகுதான் பயம்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? ரொம்ப நாளாகக் கடிதம் போடவில்லை என்று திட்டாதே. இதை உன்னிடம் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

போன வாரம், கிளம்பும்போது இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டும் ஃபிளாப்பை இறக்கி, ஓடுபாதையை நோக்கி விமானத்தைத் தரையில் ஓட்டிக்கொண்டு, அதாவது டாக்ஸி பண்ணிக்கொண்டிருந்தோம். வேகத்தை அளக்கும் பிடோட் குழாயைச் சூடாக்கும் என் பக்க ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்தது. மேலே போய்க் குழாயில் பனி அடைத்தால் வேகமானி காட்டுவதை நம்ப முடியாது. பார்க்கிங் பிரேக் போட்டேன், கன்ட்ரோலிடம் சொன்னேன், ஃபிளாப்பை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். பொறியாளர் பாகத்தை மாற்றி, சோதித்து, டெக் லாகில், அதாவது விமானத்தின் பழுதுப் பதிவேட்டில், கையெழுத்துப் போட்டார். நீயாக இருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பாய், ஒத்துக்கொள்கிறேன்!

அதுவரை கவலையில்லை. அப்புறம்தான். கேபினில் புழுக்கம், ஒரு பயணி கத்துகிறார், கிளம்ப எங்களுக்கு ஒதுக்கிய நேரம் போகப்போகிறது. பக்கத்தில் இருந்த துணை விமானி, நல்ல பையன்தான், "சார், செக்லிஸ்டை விட்ட இடத்திலிருந்தே தொடரலாமா?" என்றான்.

எனக்கு மாட்ரிட் விமான விபத்து ஞாபகம் வந்துவிட்டது. 2008 ஆகஸ்ட் 20. வாத்தியார் அந்த அறிக்கையை நம்மை வரிவரியாகப் படிக்கவைத்தாரே! வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் ப்ரோப் தரையிலேயே சூடாகிறது என்று அந்த எம்டி-82 விமானம் திரும்பி வந்தது. எந்தப் பழுதோடு பறக்கலாம் என்று சொல்லும் எம்இஎல் பட்டியலைப் பார்த்து, சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு அனுப்பினார்கள். பறக்கும்போது மட்டும் எரிய வேண்டிய ஹீட்டர் தரையில் ஏன் எரிகிறது என்று தோண்டவில்லை. மறுபடி கிளம்பியபோது ஃபிளாப்பும், இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் ஸ்லாட்டும் (slat) இறக்கப்படவே இல்லை. அப்படி இறக்காமல் கிளம்பினால் அலற வேண்டிய எச்சரிக்கையும் அலறவில்லை. 154 உயிர்கள்.

பையனிடம் முதல் வரியிலிருந்து படி என்றேன். டாக்ஸியில் செலவான எரிபொருளைக் கழித்து, கிளம்புவதற்கான கணக்கையும் புதிதாகப் போட்டோம். ஃபிளாப் வரி வந்ததும் லீவரை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லாதே, திரையில் எண் மாறுகிறதா பார் என்றேன். மாறும்வரை இருவரும் பார்த்தோம். பயணிகளிடம் நானே மைக்கில் நடந்ததைச் சொன்னேன்; கத்தியவரும் அடங்கினார்.

சிமுலேட்டரில் எஞ்சினில் தீ வைக்கிறார்கள், ஹைட்ராலிக்கைப் பிடுங்குகிறார்கள். பழுது நீங்கி, தாமதமாகி, எல்லாரும் அவசரப்படுத்தும் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் வைப்பதில்லை. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. பயிற்சிப் பிரிவில் அதற்கென்று ஒரு அமர்வு கேட்டிருக்கிறேன். பொறியாளர் பக்கத்தில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று நீ எழுதி அனுப்பு. விமானி அவசரப்படுத்தியபோது நீ கையெழுத்துப் போட மறுத்தாயே, அந்தக் கதையையும் சேர்த்து. இந்த மாதத்துக்குள் வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்