அந்தக் கட்டிலை விற்பதைப் பற்றி

திருப்புல்லாணி,
மாசி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் பெரிய அத்தையும் நலமாக இருக்கிறோம். அத்தையின் முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதால் குடிப்பதற்கு வண்டித் தண்ணீர் வாங்குகிறோம். வேறு செய்தி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, கூடத்தில் டைல்ஸ் பதிப்பதற்குள் பர்மாத் தேக்குக் கட்டிலை விற்றுவிடுங்கள் என்று சொன்னாய். அந்த வாரத்திலேயே காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். கால்களின் கடைசல் வேலையை விரலால் தடவிப் பார்த்தார், கொசுவலை கட்டும் கம்புகள் நான்கும் இருக்கின்றனவா என்று கேட்டார், ஒரு விலையும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். என்ன யோசித்தேன் என்பதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பேசிக்கொண்டிருந்தபோது உனக்குப் பின்னால் சோபாவில் மடித்த போர்வையும் அதன்மேல் ஒரு தலையணையும் தெரிந்தன. யாராவது விருந்தாளி வந்திருப்பார்கள். யார் படுத்தாலும் சரி, சோபாவில் தொடர்ந்து படுத்தால் முதுகு கெட்டுவிடும். அந்த ஊர்க் குளிருக்கு ஒரு கம்பளி போதாது.

கட்டிலுக்கு வருகிறேன். அய்யா ரங்கூனில் கணக்கெழுதிய காலத்தில் தேக்கை அறுத்துப் பலகைகளாகக் கப்பலில் அனுப்ப, இங்கே ஆசாரியைத் திண்ணையில் உட்கார வைத்துச் செய்வித்த கட்டில் அது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது காட்டு வழியே நடந்து திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களில் அய்யாவும் ஒருவர். வெறுங்கையோடு வந்து சேர்ந்த அவருக்கு, அத்தனை வருட உழைப்பில் கண்ணால் பார்க்கக் கூடியதாக மிஞ்சியது அந்தக் கட்டில் மட்டும்தான் என்று அப்பத்தா சொல்வார். ஆனால் அய்யா அதில் படுத்து நான் பார்த்ததில்லை. அவர் திண்ணையில் நார்க்கட்டிலில் படுத்தார். ஆண்பிள்ளைகள் முற்றத்திலும் பெண்கள் உள்கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தோம். விடிந்ததும் பாய்களெல்லாம் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டுவிடும். இரவில் ஆறு பேர் உறங்கிய இடத்தில் காலையில் இலை போட்டுச் சாப்பிடுவோம். பாய்க்கு அந்தப் பெருந்தன்மை உண்டு. கட்டில் அப்படி இல்லை. அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பகலிலும் விடாது. இது என் இடம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நம் முன்னோர்கள் அரியணையையும் கட்டில் என்றே அழைத்ததும், முடிசூடுவதை அரசுகட்டில் ஏறுதல் என்று சொன்னதும் அதனால்தான் என்பது என் எண்ணம்.

நம் வீட்டில் அது மாப்பிள்ளைகளுக்கும் வெளியூர் விருந்தாளிகளுக்கும் உரியதாக இருந்தது. நீ லண்டனுக்குப் போன முதல் வருடம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பெரிய கட்டிலின் படத்தை அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? 1590ஐ ஒட்டிச் செய்தது, மூன்று மீட்டருக்கு மேல் அகலம், வேர் என்ற ஊரின் சத்திரங்களில் கிடந்தது, அதில் படுத்த வழிப்போக்கர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை மரத்தில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். மாப்பிள்ளை எடுத்த படம் அது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த நாட்டுக் கட்டில்களைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். ஷேக்ஸ்பியர் 1616இல் எழுதிய உயிலில் மனைவிக்குத் தம் இரண்டாவது நல்ல கட்டிலை விட்டுச் சென்றார். அதை அவமதிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. முதல்தரக் கட்டில் விருந்தாளிக்கு உரியது, இரண்டாவதுதான் கணவனும் மனைவியும் ஆயுள் முழுதும் படுத்த கட்டில், ஆகவே அதில் அன்புதான் இருக்கிறது என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கமே பிடித்தது. அன்று உன் அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

பத்தாம் வகுப்பில் நீ நெடுநல்வாடையைப் பாடத்துக்கு வெளியே என்னிடம் கேட்டுப் படித்தாய். வகுப்பறையில் முப்பது வருடம் பாடம் சொன்ன எனக்கு, கேட்டுப் படித்த மாணவர்களை எண்ண ஒரு கை போதும். அவர்களில் என் மகளும் ஒருத்தி என்று ஆசிரியர் அறையில் சொல்லித் திரிந்தேன். அதில் பாண்டியமாதேவியின் கட்டில் வரும். நாற்பது வயது நிறைந்து போரில் பட்ட யானையின் கொம்பைச் செதுக்கிச் செய்தது. சுற்றிலும் முத்துச்சரங்கள் தொங்கின (அவை நம் கடலின் முத்துகளாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை). துணையோடு சேர்ந்த அன்னங்களின் தூவியால் ஆன மெத்தை. நக்கீரர் இத்தனை வரிகளைக் கட்டிலுக்குச் செலவழிப்பது ஏன் என்று அன்று நீ கேட்டாய். அரண்மனையின் செல்வத்தைக் காட்டுவதற்கு என்று சொன்னேன். அது அரைகுறையான பதில். அவ்வளவு பெரிய கட்டிலில் அவள் தனியாகக் கிடக்கிறாள். மேற்கட்டியில் தீட்டியிருக்கும் திங்களையும் அதைப் பிரியாத உரோகிணியையும் அண்ணாந்து பார்த்து நெடுமூச்சு விடுகிறாள். அரசனோ பாசறையில் உறங்காமல், விழுப்புண் பட்ட வீரர்களை நள்ளிரவில் தேடிச் சென்று பார்க்கிறான். இரண்டு பேருக்கும் உறக்கம் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்லவும் இல்லை. கட்டில் எவ்வளவு பெரியதோ அவ்வளவு வெறுமை அதில் தெரியும் என்பதற்காகத்தான் புலவர் அதை அளந்து அளந்து சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். கட்டிலைப் பற்றித்தான் எழுதுகிறேன், தாயி. முதுகைப் பார்த்துக்கொள். சோபாவின் பஞ்சு ஒரு பக்கம் அமுங்கிவிட்டால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் இராமனே புல்லின்மேல் படுத்திருக்கிறான். சேதுக்கரைக்குப் போகும்போதெல்லாம் அம்மா உன்னைத் தூக்கிக் காட்டுவாளே, அந்தச் சன்னிதி. கடலரசன் வழி விடுவான் என்று தருப்பையை விரித்து மூன்று நாள் கிடந்தான் என்பது கதை. புல்லே அணையாக இருந்ததால் ஊருக்கும் அந்தப் பெயர். பாம்பணையில் பள்ளிகொண்டவன் இங்கே மனைவியைத் தொலைத்தவனாகப் புல்லில் கிடக்கிறான். இராமேசுவரத்திலோ ஒவ்வொரு நாள் இரவும் சுவாமியைப் பல்லக்கில் வைத்து அம்பாளின் பள்ளியறைக்கு எடுத்துச் செல்வார்கள். அதன் பிறகுதான் நடை சாத்துவார்கள். கல்யாணமான புதிதில் உன் அம்மாவும் நானும் அந்தப் பூசையைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, சத்திரத்தில் ஒரே பாயில் படுத்தோம். அவளுக்கு அது மிகவும் பிடித்த இரவு என்று உன் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மார்கழியில் அம்மாவின் திதி அன்று நீ பேசவில்லை. வேலை இருந்திருக்கும். அத்தைக்குத்தான் வருத்தம், எனக்கும் இருந்தது. ஆனால் உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதை இந்தக் கட்டிலை வைத்தே உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ தொட்டிலில் இருந்தபோது, இரவில் எழுந்து ஆட்டுவதற்கு வசதி என்று அம்மா கீழே பாய் போட்டுக்கொண்டாள். நீ தொட்டிலை விட்டாய், பள்ளிக்குப் போனாய், கல்லூரிக்குப் போனாய். பாய் மேலே வரவில்லை. நான் கட்டிலில் விளக்கை எரியவிட்டு நள்ளிரவு வரை படிப்பேன், அவள் கீழே சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டு உறங்குவாள். மேலே வந்து படு என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அதுவே பழகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பக்கவாதம் வந்த பிறகுதான், துடைத்து மாற்ற வசதியாக இருக்கும் என்று அவளைக் கட்டிலில் ஏற்றினோம். நான்கு மாதம் படுத்திருந்தாள்.

கடைசி நேரத்தைப் பற்றி உனக்குச் சொன்னது பொய். உறக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டாள் என்று சொன்னேன். உண்மையில், மூச்சு இழுக்கத் தொடங்கிய மாலையில், கட்டிலில் உயிர் போகக் கூடாது, தரையில் இறக்கிவிடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மண்ணைத் தொட்டபடி போக வேண்டும் என்பது நம் வழக்கம். வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இறக்கினோம். அவள் அன்று இரவு போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இரண்டு இரவு அந்தச் சிமெண்டுத் தரையில், மார்கழிப் பனியில், ஒற்றைப் பாயில் கிடந்தாள். இரண்டாவது இரவு எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், இயங்கிய அந்த ஒரு கையால் துழாவி, பக்கத்தில் இருந்த கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. தூக்கி மேலே படுக்க வைத்தால் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து, புரியாதவனைப் போலத் தண்ணீரைத் தொட்டு உதட்டில் தடவினேன். விடியும்போது அவள் கை கட்டில் காலிலிருந்து நழுவியிருந்தது.

புறநானூற்றில் ஐம்பதாவது பாட்டை எத்தனை வருடம் நடத்தினேன்! மோசிகீரனார், அரசனின் வீரமுரசை வைக்கும் முரசுகட்டில் என்று அறியாமல் அதில் ஏறி உறங்கிவிடுகிறார். வெட்டிக் கொன்றிருக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை, எழுப்பாமல் நின்று கவரி வீசுகிறான். களைத்துப் படுத்தவரை இறக்கிவிட அரசனுக்கே மனம் வரவில்லை என்று வகுப்பில் குரல் தழுதழுக்கச் சொல்வேன். என் வீட்டில் அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, அத்தையிடமும் சொன்னதில்லை. நீ கோபப்பட்டால் படு. ஆனால் பேசாமல் இருக்காதே.

கட்டிலை விற்கப் போவதில்லை. கூடத்துக்கு டைல்ஸும் வேண்டாம். இராமநாதபுரத்திலிருந்து மெத்தை தைப்பவரை வரச் சொல்லியிருக்கிறேன். கடற்காற்றின் ஈரத்தில் பழைய மெத்தை கட்டி தட்டிப்போனதால், இலவம்பஞ்சைப் பிரித்து வெயிலில் காய வைத்து, அடித்து, புது உறையில் தைத்துத் தருவார். திண்ணையில் இருக்கும் நார்க்கட்டிலும் நடுவில் தொய்ந்துவிட்டது. பனைநாரை ஊறப்போட்டுப் பின்னித் தர ஆள் சொல்லிவிட்டேன். நான் அதில் படுத்துக்கொள்வேன். தேக்குக் கட்டில் உள்ளறைக்குப் போகிறது.

சித்திரையில் வருகிறேன் என்று சொன்னாய். இதுவரை எப்போதும் வருகிறோம் என்றுதான் சொல்வாய். வாய் தவறியிருக்கலாம், தமிழ் வாத்தியாருக்கு இப்படிப்பட்ட விகுதிகள் காதில் தங்கிவிடுகின்றன. காரணம் எதுவானாலும் வீடு உன்னுடையது. விடுப்பு முடிந்த பிறகும் இருக்க வேண்டுமானால் இரு. அத்தையும் நானும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். கேட்க வேண்டும் என்று நீ விரும்பினால் கேட்பேன்.

மெத்தைக்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். எத்தனை தலையணை தைக்கச் சொல்ல வேண்டும் என்பதை அதற்குள் எழுது. ஒன்று என்றாலும் சரி, இரண்டு என்றாலும் சரி, பஞ்சு போதுமான அளவு இருக்கிறது.

உன் அன்புள்ள,
அப்பா